லியோவின் வலது முழங்கால்

அந்த அறையில் இருந்தவர்கள்:

லியோ – நெய்வேலி கனல் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம். டவுன்ஷிப்பில் எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் குனிய வேண்டும். குனிய மறந்த நாள்களின் தழும்பு நெற்றியில் இருக்கிறது.

மதிவாணன் – பயிற்சியாளர். கழுத்தில் விசில் இல்லாமல் இவரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

தமிழ்நிலா – பிசியோதெரபிஸ்ட். யாரைப் பார்த்தாலும் முதலில் நடையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை.

லியோவின் வலது முழங்கால் – தனி ஆள் இல்லை. ஆனாலும் கூட்டமே இதற்காகத்தான் நடந்தது.

அந்த அறையில் இல்லாதவர்: சிங்காரவேல், அணியின் மேலாளர். அவரே கேட்டுக்கொண்டதன் பேரில் இங்கே சேர்க்கப்படுகிறது.

ஜெப்ரின் அந்தத் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அக்கா, முழங்கால்கிட்டயும் வாக்குமூலம் வாங்கணுமா?"

"வாங்கிட்டேன். மூணு பேரும் நேத்து என்கிட்ட பொய் சொன்னாங்க. அது ஒண்ணுதான் வீங்கிக்கினு உண்மையைச் சொல்லுச்சு" என்றார் கனகம்.

கனகம் சுரங்க கேன்டீனில் மேற்பார்வை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். டோக்கன் இல்லாமல் இரண்டாவது வடை எடுத்தவனை வரிசையில் நிற்கும்போதே அவன் நின்ற விதத்தை வைத்துப் பிடித்துவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரை நம்பி மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிறுவனம் திறந்திருந்தார். ஜெப்ரின் அதன் ஒரே ஊழியன். அதற்கு முன் கான்ட்ராக்டில் ஜீப் ஓட்டினான். ஜீப்பை விற்றுவிட்டார்கள். அவனை விற்க முடியவில்லை.

விவகாரம் இதுதான். தெற்கு லீக் என்று ஒரு தொழில்முறை கூடைப்பந்துப் போட்டி. அதில் நெய்வேலி கனல் ஓர் அணி. இந்த சீசனில் சில ஆட்டங்களில் லியோ முதல் கால் பகுதி முடிவதற்குள் வெளியே உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்கார்ந்த ஒவ்வொரு நாளும், ஆட்டத்துக்கு முன்பே யாரோ ஒருவர் 'இன்று லியோ பத்துப் புள்ளியைத் தாண்ட மாட்டான்' என்று சூதாட்டத்தில் பணம் கட்டியிருந்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவன் நன்றாக ஆடிய நாள்களில் அந்த ஆள் கட்டவே இல்லை.

லீக் விசாரணை கேட்டது. சிங்காரவேல் கனகத்தைக் கூலிக்கு அமர்த்தினார். ஊரில் துப்பறிய வேறு ஆள் இல்லை என்பது காரணமல்ல. இன்னொருவர் இருக்கிறார். அவர் கெட்டிக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மூணு பேரும் பிசியோ ரூமுக்குள்ள போயி கதவ மூடிக்கிறாங்க மேடம். என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் அந்த ரூம்ல இல்ல" என்று சிங்காரவேல் சொல்லியிருந்தார். பிறகு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். "நான் இல்ல. அத எழுதிக்கங்க."

லீக்கின் விசாரணை அதிகாரி நாளை மாலை ஆட்டத்துக்கு முன்னால் வருகிறார். அதற்குள் அறிக்கை வேண்டும்.

பிசியோ அறையில் லியோ மேசைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கால் மேசையைத் தாண்டி வெளியே போயிருந்தது.

"நேத்து மூணு பேரும் 'ரொட்டேஷன், ஆள மாத்தி மாத்தி இறக்கறோம்'னு சொன்னீங்க. இன்னைக்கு முழங்காலப் பத்திப் பேசலாம்" என்றார் கனகம்.

மதிவாணன் விசிலைப் பிடித்துக்கொண்டார். தமிழ்நிலாதான் பேசினார்.

"உள்ள தசைநார் தேஞ்சிருக்கு. சில நாள் வீங்கும், சில நாள் வீங்காது. வீங்கின நாள்ல ஓட விட்டா அறுந்துடும். ஆனா டிக்கெட்ல இவன் முகத்தத்தான் போட்டிருக்காங்க. இறக்காம இருக்க முடியாது. அதனால கொஞ்ச நேரம் இறக்கிட்டு வெளிய எடுத்துடுவோம்."

"மேனேஜருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஊசிய போட்டு முழு ஆட்டமும் ஓட வைப்பார். இல்லன்னா கான்ட்ராக்ட்டக் கிழிப்பார். ரெண்டுல எது மலிவோ அது" என்றார் மதிவாணன்.

"வேற யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்கும் இல்ல" என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஜெப்ரின் கனகத்தின் காதருகே வந்தான். "கோரஸ் நல்லாருக்கு. எங்க சபைல பாட ஆள் தேடிக்கிட்டிருக்காங்க."

லியோ கனகத்தைப் பார்த்தான். "எனக்கு சுரங்கத்துல ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வரணும்க்கா. சீசன் முடிஞ்சி ஆறு மாசத்துல மெடிக்கல் டெஸ்ட். அதுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கிட்டா கால் நிக்கும்னு பிசியோ மேடம் சொல்றாங்க. நீங்க ரிப்போர்ட்ல முழங்கால்னு எழுதினா இப்பவே மெடிக்கல்ல தூக்கிடுவாங்க. எழுதலன்னா நான்தான் சூதாடினேன்னு லீக் தூக்கிடும். எப்படி எழுதினாலும் நான் வெளியதான்."

அவன் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்டாகச் சேர்ந்து கான்ட்ராக்டாகவே செத்தவர். இதை அவன் சொல்லவில்லை. டவுன்ஷிப்பில் இதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நாளைக்குக் கால் எப்படி?" என்றார் கனகம்.

"நேத்து இருந்த வீக்கம் வடிஞ்சிடுச்சு. முழு ஆட்டமும் ஆடுவான்" என்றார் தமிழ்நிலா.

கனகம் எழுந்தார். "யாருக்கும் சொல்லாதீங்க" என்றார். அதற்கும் மூவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

*

மந்தாரக்குப்பத்தில் பாவாடை கரும்புச் சாறு கடை வைத்திருந்தார். கரும்பை நேர்மையாகப் பிழிவார். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்த மூன்று போன்களில் சூதாட்டக்காரர்களைப் பிழிந்தார். கிரிக்கெட், கபடி, இப்போது கூடைப்பந்து.

"நான் ஒண்ணும் பண்றதில்லீங்க" என்றார், கேட்பதற்கு முன்பே.

"தெரியும். பண்ணாம நஷ்டம் எவ்ளோ?" என்றார் கனகம்.

பாவாடையின் முகம் உடைந்தது. "கேக்காதீங்க. லியோ பேர்ல ஒருத்தன் கட்டிக் கட்டி என்ன உறிஞ்சிக்கினு போறான். கட்டினா ஜெயிக்கிறான். ஒரு வாட்டியாவது தோத்தா எனக்கும் ஒரு நம்பிக்கை வரும். இது என்னா நியாயம்? சூதாட்டம்னா ஒரு நேர்மை வேணாமா?"

"சாறு குடுங்க. இஞ்சி போட்டு. அழுது உப்பு போட்டுடாதீங்க" என்றான் ஜெப்ரின்.

"ஆள் யாரு?"

"தெரியாதுங்க. மெசேஜ் வரும். பேர் கிடையாது. பணம் கரெக்டா வந்துடும்."

"எப்ப வரும் மெசேஜ்? முதல் நாள் ராத்திரியா?"

பாவாடை யோசித்தார். "ராத்திரி வந்ததே இல்லீங்க. ஆட்டத்தன்னிக்கு விடியக்காலைலதான். நான் கரும்பு இறக்கிக்கினு இருப்பேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் போனதும் வந்துடும். எப்பவும் அப்பதான்."

கனகம் சாறைப் பாதியில் வைத்தார்.

"நாளைக்குக் காலைல அந்த மெசேஜ் வந்தா, அடுத்த மூச்சு விடறதுக்குள்ள எனக்கு போன் பண்ணணும்."

"எனக்கு என்னா லாபம்?"

"ஆள் கிடைப்பான். உங்களப் பத்தியும் போலீஸ்ல எழுதுவேன். ஆனா ரெண்டாவது பேரா எழுதுவேன்."

பாவாடை ஒரு கரும்பை எடுத்து மெஷினில் விட்டார். ரெண்டாவது பரவாயில்லை என்றார்.

எக்ஸ்எல் மொபெட்டில் திரும்பும்போது ஜெப்ரின் கேட்டான். "விடியக்காலைல என்னக்கா விசேஷம்?"

"மூணு பேர்ல ஒருத்தர் காசுக்கு வித்திருந்தா, சாயங்காலம் கதவத் திறந்ததும் வித்திருப்பாங்க. ராத்திரி முழுக்க எதுக்கு வச்சிக்கினு இருக்கணும்? காலைல ரேட்டு ஏறாது. சேதி அந்த ரூம விட்டுட்டு வேற எங்கயோ போயி, ராத்திரி தங்கி, காலைல எழுந்து வெளிய வருது."

"சேதிக்கு நைட் ஷிப்ட் இல்லன்றீங்க."

"லியோ ராத்திரி எங்க தங்கறான்?"

"அவங்க வீட்லதான்."

"வண்டிய அங்க விடு."

*

லியோவின் வீடு பழைய குவார்ட்டர்ஸ். உறவுக்காரர் ஒருவர் பேரில் எடுத்தது. வாசலில் பலா மரம். அவன் அம்மா மரியசெல்வி கதவைத் திறந்து, கனகத்தைப் பார்த்து, உடனே நாற்காலியைத் துடைத்தார்.

"பையனப் பத்தி விசாரிக்க வந்தீங்களாம்மா? அவன் சூதெல்லாம் ஆட மாட்டான். கேரம்லயே தோத்தா அழுவான்."

"அதுக்கு வரலம்மா. உங்க ஊரு எது?"

"மேல்பட்டாம்பாக்கம். உங்களுக்கு?"

"காடாம்புலியூர்."

இரண்டு பேரும் பலாப்பழ விலையைப் பேசினார்கள். ஜெப்ரின் முந்திரி தின்றான். கனகம் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். மரியசெல்விக்குத் தெரியவில்லை.

"கால் வலின்னு ராத்திரில கஷ்டப்படுவானா?" என்று கனகம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"சொல்லவே மாட்டான். சோறு துன்ன உக்காரும்போது ஒரு கால மடக்காம நீட்டிக்கினு உக்காந்தா நானே புரிஞ்சிப்பேன். நான் என்னம்மா பண்ண முடியும்? தைலம் தேய்ச்சாலும் வேணாம்ன்றான். காலைல எழுந்து மாதா கோவிலுக்குப் போயி பூசைக்குக் கருத்துக் குடுத்துட்டு வந்துடுவேன்."

"கருத்துன்னா?"

"நம்ம வேண்டுதலச் சொல்லி காணிக்கை குடுத்தா, அன்னிக்குப் பூசைய அதுக்காக ஒப்புக்குடுப்பாங்க. 'என் மகன் லியோவின் வலது முழங்கால் வீக்கம் வடிந்து, இன்றைய ஆட்டத்தில் அதிக நேரம் ஓடாமல் பத்திரமாகத் திரும்ப.' அதான் எழுதித் தருவேன்."

ஜெப்ரின் முந்திரியை வாயருகே வைத்தபடி நின்றான்.

"முழங்கால்னு விவரமாவே குடுப்பீங்களா?"

"ஆமாம்மா. வலதுன்னும் போடுவேன். எந்தக் கால்னு சொல்லாம விட்டா எப்படி?"

"எழுதினத சாமியார் மனசுக்குள்ள படிச்சிப்பாரா?" என்றார் கனகம்.

"அய்ய, மனசுக்குள்ள படிச்சா என்னா பிரயோஜனம்? ஆரம்பத்துலயே சாமியாருக்கு ஒத்தாசையா இருக்கற உபதேசியார் வாசிப்பார். எல்லாரும் கேட்டு சேர்ந்து வேண்டிப்பாங்க."

"மைக்லயா?"

"மைக்லதான். இப்ப புது ஸ்பீக்கர் போட்டதுக்கு அப்புறம் கோவிலுக்கு வெளியயும் தெளிவாக் கேக்குது. அவ்ளோ நல்லாருக்கு."

கனகம் எழுந்து கும்பிட்டார். பலாச்சுளை கட்டிக் கொடுத்தார் மரியசெல்வி. வாங்கிக்கொண்டார்கள்.

தெரு முனையில் ஜெப்ரின் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"கதவ மூடிட்டு மூணு பேர் காப்பாத்துன ரகசியத்த, அந்தம்மா காணிக்கை குடுத்து ஒலிபரப்பியிருக்காங்க" என்றான். "எங்க சபைல இந்த ஆபத்தே கிடையாதுக்கா. பாஸ்டர் மைக்க யார்கிட்டயும் குடுக்க மாட்டார்."

"லியோ யாருக்கும் சொல்லலன்னான். அது பொய் இல்ல. 'யாரு'ன்ற கணக்குல அம்மாவ எவனும் சேர்க்கறதில்ல."

"அப்ப குற்றவாளி யாரு? பூசைக்கு வந்த மொத்த ஜனமுமா?"

"அந்தம்மா புது ஸ்பீக்கர்னாங்க இல்ல? அதப் போய்ப் பார்ப்போம்."

*

கோவில் முற்றத்தில் உபதேசியார் மைக்கேல் இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கோபுரத்தின் தோளில் ஒரு கூம்பு ஸ்பீக்கர் இருந்தது. புதிது. வாய் மேற்கே பார்த்திருந்தது.

"நான் வந்து ஒரு மாசம்தாங்க ஆவுது" என்றார் மைக்கேல். "அதுக்கு முன்னாடியே மாட்டிட்டாங்க. பழசு கரகரன்னு கத்துமாம், பாதி வார்த்தை புரியாதாம். யாரோ நம்ம மதம் இல்லாத ஒருத்தர் வாங்கிக் குடுத்தாராம். எந்தப் பக்கம் பார்க்கணும்னு அவரே நின்னு மாட்ட வச்சாராம். பேரு முன்பக்கம் எழுதியிருக்கும். ஏணி இருக்கு, ஏறிப் பார்க்கறீங்களா?"

ஜெப்ரின் ஏணியை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"வேணாம். வாங்கிக் குடுத்தது குத்தமில்ல, கேக்கறது யாருன்னு பார்க்கணும்" என்றார் கனகம். "கிழக்க வூடுங்க இருக்குது. தெற்க வூடுங்க இருக்குது. மேற்க என்னா இருக்குது?"

"காலி பிளாக்குங்க. இடிக்கறதுக்காக எல்லாரையும் காலி பண்ண வச்சிட்டாங்களே. கதவெல்லாம் ஆணி அடிச்சிருக்கும்."

"காணிக்கை குடுத்த மனுஷன் காலி வூடுங்களுக்குப் பூசை கேக்கணும்னு ஆசப்பட்டிருக்காரு" என்றார் கனகம். "ஐயா, நாளைக்கு ஒரு கருத்து வாசிக்கணும். காணிக்கை நான் தரேன். ஆனா அந்த ஒரு வரிக்கு மட்டும் கோவில் உள்ள இருக்கற ஸ்பீக்கர அணைச்சிடணும். வெளிய இருக்கற கூம்புல மட்டும் கேக்கணும்."

"என்ன கருத்து?"

"லியோவோட இடது தோள்பட்டை."

மைக்கேல் துடைப்பத்தை ஊன்றினார். "அந்தத் தம்பிக்குத் தோள்ல ஒண்ணும் இல்லையே? பொய்ய பூசையில வாசிக்க மாட்டேங்க."

"பொய் சொல்லச் சொல்லல. தோள்பட்டை நல்லா இருக்கணும்னு வேண்டிக்கங்க. நல்லா இருக்கற தோளுக்கு வேண்டிக்கக் கூடாதுன்னு எங்கயாவது இருக்குதா?"

மைக்கேல் பத்துக் கட்டளைகளையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அப்படி எங்கும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

*

மறுநாள் விடியும்போது இருவரும் காலி பிளாக்கில், கதவு பெயர்க்கப்பட்ட ஒரு வீட்டின் சமையலறையில் நின்றிருந்தார்கள். யாரோ வாழ்ந்த வீடு. சுவரில் உயரம் குறித்த கோடுகள் இருந்தன. அந்த வரிசையில் மற்ற வாசல்களில் எல்லாம் குறுக்குப் பலகை. ஓட்டுக்கு மேல் காட்டுக்கொடி.

ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. வரிசையின் கடைசி வீடு. வாசலில் துளசி, வேலியில் காயப்போட்ட பனியன், வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலி. நாற்காலியில் ஒருவர் கோவிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இவர்களுக்கு முகம் தெரியவில்லை, முதுகும் ஒரு பக்கமாகக் கைகளும்தான் தெரிந்தன. கையில் காபி டம்ளர்.

"பிளாக்கே காலி. இவர் மட்டும் ஏன்?" என்றான் ஜெப்ரின்.

"நோட்டீஸ எதிர்த்து கேஸ் போட்டிருப்பாரு. எல்லா பிளாக்லயும் ஒருத்தர் இருப்பாரு."

ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. கோவில் மணி அடித்தது. கூம்பு ஒருமுறை தொண்டையைச் செருமியது. மைக்கேலின் குரல் காலி வீடுகள் மேல் தெளிவாக இறங்கியது.

"நம் பங்கைச் சேர்ந்த லியோவின் இடது தோள்பட்டை நலமாக இருக்க வேண்டி..."

உள்ளே முழங்காலில் இருந்தவர்களுக்கு அந்த வரி கேட்கவில்லை. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து நாலைந்து பேர் திரும்பிப் பார்த்ததாக மைக்கேல் பிறகு சொன்னார். அந்த வரி போய்ச் சேரக்கூடிய இடத்தில் காது உள்ள மனிதர்கள் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சமையலறையில் நின்றார்கள்.

மூன்றாமவர் டம்ளரைக் கீழே வைத்தார். மடியிலிருந்து போனை எடுத்தார். இரண்டு கட்டை விரலாலும் தட்டினார். வைத்தார். டம்ளரை எடுத்தார்.

கனகத்தின் போன் நடுங்கியது. பாவாடை மூச்சுவாங்கினார்.

"அக்கா, வந்துடுச்சு. இன்னிக்கு லியோ தூரத்துலேந்து ஒண்ணுகூட போட மாட்டானாம். நிறைய கட்டியிருக்கான். அக்கா, தோள்ல எதனா அடியா அவனுக்கு?"

"உங்களுக்கு இன்னைக்கு நல்ல நாள். வச்சிடுங்க."

வெளிச்சம் வந்திருந்தது. ஜெப்ரின் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்தான். கூம்பின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு எழுத்து இருந்தது. கோவில் பக்கம் நின்றால் தெரியாது. இங்கிருந்து கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். அதை எழுதச் சொன்னவர் தினமும் காபி குடிக்கும்போது படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

உபயம்: எஸ். சிங்காரவேல், பி.பி.ஏ.

ஜெப்ரின் அதை இரண்டு தடவை படித்தான். நாற்காலியில் இருந்தவர் எழுந்து சோம்பல் முறித்துத் திரும்பினார். அதே ஆள்தான். இவர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்.

"அக்கா. இது நம்ம..."

"ஆமா."

"திருட்டுத்தனமா கேக்கறதுக்கு ஸ்பீக்கர் வாங்கி மாட்டினவன், அதுல பேரையும் போட்டிருக்கான். டிகிரியோட."

"இனாமா குடுத்துட்டுப் பேர் போடாம இருக்க இந்த ஊர்ல யாரால முடியும்?" என்றார் கனகம். "டியூப்லைட்டு குடுத்தா வெளிச்சம் வராத அளவுக்குப் பேர் எழுதறாங்க. இவர் பரவாயில்ல. சத்தம் வருது."

"அப்ப நம்மள ஏன் கூப்பிட்டார்?"

ஜெப்ரினுக்குத் தானாகவே புரிந்தது. ஊரில் இருந்த இரண்டு பேரில், எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்தவர்களைக் கூப்பிட்டிருந்தார். ஜெப்ரினுக்கு வலித்தது. கொஞ்ச நேரம்தான்.

*

மாலையில் ஸ்டேடியத்தில் சிங்காரவேலின் அலுவலக அறை. லீக்கின் விசாரணை அதிகாரி சத்யா மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். முடியைக் குட்டையாக வெட்டியவர். ஒரு காலத்தில் இந்தியாவுக்காக ஆடியவர் என்று மதிவாணன் சொல்லியிருந்தார். வெளியே கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. மேளம் கேட்டது.

"மேடம், ரிப்போர்ட்ல ஒரு பேரு இருந்தா போதும்" என்றார் சிங்காரவேல் கனகத்திடம். "எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. நானே வளர்த்த பையன்."

"ஒரு பேருதாங்க இருக்குது" என்றார் கனகம்.

அவர் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கூம்பு ஸ்பீக்கர், காலி பிளாக், தோள்பட்டை, வராந்தா, போன். பாவாடையின் போனில் இருந்த செய்தியைப் படம் எடுத்து வைத்திருந்தார். ஜெப்ரின் எடுத்த இன்னொரு படத்தையும் மேசைமேல் வைத்தார். அதில் வராந்தாவும் இருந்தது, ஆளும் இருந்தார், பின்னால் சிவப்பு எழுத்தும் இருந்தது.

சத்யா படத்தைத் திருப்பிப் பார்த்தார். "பி.பி.ஏ. எங்க படிச்சீங்க?"

சிங்காரவேலுக்கு வியர்த்தது. ஆனால் மேலாளராக இருப்பவர் அவ்வளவு சீக்கிரம் உட்கார மாட்டார்.

"சரி. நான் கேட்டேன். ஸ்பீக்கர்ல ஊருக்கே கேக்குது, எனக்கும் கேட்டுச்சு. தப்பு என் மேல மட்டும் இல்ல. அவன் என்ன மறைச்சான்னு தெரியுமா உங்களுக்கு?" கனகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சொல்லட்டுமா? நான் போனா அவனும் வருவான். மெடிக்கல்ல நிக்க மாட்டான்."

ஜெப்ரின் கதவைப் பார்த்தான். லியோ கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தான். கதவின் கீழ் இடைவெளியில் அவன் ஷூ தெரிந்தது. அவ்வளவு பெரிய ஷூவை ஒளித்து வைக்க முடியாது.

கனகம் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"தாராளமா சொல்லுங்க. லீக் மேடம் எழுதிப்பாங்க. எத்தன ஆட்டத்துல என்னா கேட்டீங்க, எந்தத் தேதி கேட்டீங்க, கேட்டுட்டு எவ்ளோ கட்டினீங்க. எல்லாத்தையும் சொன்னாத்தான் அது நிக்கும். இப்ப எங்ககிட்ட இன்னைக்குக் கட்டின ஒண்ணுதான் இருக்குது. மீதியையும் நீங்களே குடுத்துட்டா எங்களுக்கு வேல மிச்சம்."

வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சிங்காரவேல் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு தண்டனை. சீசன் முழுவதற்கும் வேறு தண்டனை.

வாயைத் திறந்தார். மூடினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"எழுதிக்கறேன்" என்றார் சத்யா. பிறகு கனகத்தைப் பார்த்தார். "இந்தப் பையனுக்குத் தோள்ல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லீங்க."

"வேற எங்கயாவது?"

கனகம் கண்ணிமைக்கவில்லை. "ரிப்போர்ட்ல தோள்பட்டைதாங்க இருக்குது."

சத்யா கதவுக்குக் கீழே தெரிந்த ஷூவைப் பார்த்தார். வலது ஷூ தரையில் பாதிதான் பதிந்திருந்தது. எடை முழுவதும் இடது காலில் இருந்தது. விளையாடியவருக்கு அது தெரியாமல் இருக்காது. பேனாவைத் திறந்தார். 'லியோமீது ஆதாரம் இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"சீசன் எப்ப முடியுது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அடுத்த மாசம்" என்றான் ஜெப்ரின்.

"சீக்கிரம் முடிஞ்சா நல்லது."

போலீஸ் மந்தாரக்குப்பத்தில் பாவாடையை ஏற்றிக்கொண்டு இங்கே வருவதாகத் தகவல் வந்தது. அதுவரை சிங்காரவேலை எங்காவது உட்கார வைக்க வேண்டும். அவருடைய அறைக்கு இரண்டு வாசல் இருந்தது. எதிரே இருந்த பந்து ஸ்டோர் ரூமுக்கு ஒன்றுதான். ஜன்னல் கிடையாது.

"நான் இந்த டீமோட மேனேஜர்" என்றார் சிங்காரவேல், வாசலில் நின்றுகொண்டு.

"அதனாலதான் சார் உங்களுக்குத் தனி ரூம்" என்றான் ஜெப்ரின்.

மதிவாணன் உள்ளே ஒரு ஸ்டூலை வைத்தார். பழக்க தோஷத்தில் விளக்கையும் போட்டார். சிங்காரவேல் பந்து மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். அரங்கத்துக்குள் யாரோ லியோவின் பேரை மைக்கில் சொன்னார்கள். கூட்டம் கத்தியது.

லியோ கனகத்தின் பக்கம் குனிந்தான். "அக்கா, அம்மாகிட்ட..."

"நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். இனிமே எழுதித் தரும்போது உடம்பு சுகம்னு மட்டும் போடச் சொல்லு."

"கேக்க மாட்டாங்க."

"அப்ப உபதேசியார்கிட்ட சொல்லிக்க. போ, ஆட்டத்துக்கு நேரமாயிடுச்சு."

சாவி மதிவாணன் கையில் இருந்தது. லியோ கையை நீட்டினான். அவர் கொடுத்தார்.

"லியோ" என்று உள்ளேயிருந்து சிங்காரவேல் கூப்பிட்டார். "தம்பி, ஒரு நிமிஷம்."

லியோ கதவைச் சாத்தினான். நாதாங்கியை இழுத்துப் பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.